வண்டியில் ஏறாதவள்

ஹூடிக்ஸ்வால்,
9 அக்டோபர் 2003

மாய்லிஸ்,

நீ உயிரோடு இருக்கிறாய் என்று உன் எதிர்வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பதினான்கு முறை உன்னைக் கூப்பிட்டு, நீ எடுக்காததால் அவளைக் கூப்பிட்டேன். "நல்லாத்தான் இருக்காங்க. நேத்து ஜன்னல் திரையெல்லாம் துவைச்சுப் போட்டாங்க" என்றாள். என்னைப் பன்னிரண்டு நாள் பைத்தியமாக அலையவிட்டுவிட்டு நீ திரை துவைத்துக்கொண்டிருக்கிறாய்.

நடந்ததை எழுதுகிறேன். ஒருவேளை உனக்கு நினைவில்லாமல் போயிருக்கலாம். செப்டம்பர் 27, சனிக்கிழமை, காலை பத்து மணி. உன் குடியிருப்பு வாசலில் சாமான் வண்டி நிற்கிறது. அதன் பின்னால் என் காரில் நான். உன் பன்னிரண்டு பெட்டிகளும் கீழ்க் கூடத்தில் ஒழுங்காக அடுக்கி, ஒவ்வொன்றிலும் உன் கையெழுத்தில் பெயர் எழுதி இருந்தன. அவற்றை ஏற்றினோம். நீ மட்டும் இல்லை. மேலே போய் மணி அடித்தேன், கதவைத் தட்டினேன். சாவியைத் திருப்பிக் கொடுக்கக் குடியிருப்பு அலுவலகம் போயிருப்பாய் என்று காத்திருந்தேன். வண்டிக்காரர் மூன்றாவது சிகரெட்டை அணைத்துவிட்டு, "அம்மா, அவங்க வருவாங்களா மாட்டாங்களா? சொல்லிடுங்க" என்றார். நான், "அவ நாப்பத்தொரு வருஷமா என் தோழி. சொன்னா சொன்னபடி வருவா" என்றேன். அந்த ஆள் என்னைப் பாவமாகப் பார்த்தார். ரூனே செத்து நான் விதவையானபோதுகூட என்னை யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

ஒருவேளை ரயிலில் போயிருப்பாய் என்று நினைத்து இங்கே வந்து சேர்ந்தேன். நீ வருவாய் என்று உருளைக்கிழங்கு வேகவைத்தேன்.

நாம் சேர்ந்து இருக்க இந்த வீட்டை வாங்கலாமா என்று உன்னிடம் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "சரி" என்றாய். மூன்றாவது முறை "ரொம்ப நல்லா இருக்கும்" என்றுகூடச் சொன்னாய். என்ன நடந்தது? கான்சரா? ஆம்பளையா? எதுவானாலும் சொல்.

பார்ப்ரோ


யாவ்லே,
21 அக்டோபர் 2003

அன்புள்ள பார்ப்ரோ,

இது நான்காவது கடிதம். முதல் மூன்றையும் கிழித்துப் போட்டேன். மூன்றிலும் மன்னிப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. இதிலும் கேட்கிறேன். மன்னித்துவிடு.

கான்சர் இல்லை. ஆண்பிள்ளை யாரும் இல்லை. எனக்கு அறுபத்து மூன்று வயதாகிறது.

அன்றைக்கு நான் எங்கும் போகவில்லை. அடித்தளத்தில் இருக்கும் துவைக்கும் அறையில் இருந்தேன். காலை ஒன்பதரைக்கு, கடைசியாக ஒரு போர்வையைத் துவைத்து எடுத்து வரலாம் என்று இறங்கினேன். உலர்த்தும் இயந்திரம் நின்றது. போர்வையை மடித்தேன். பிறகு என்னால் அங்கிருந்து நகர முடியவில்லை. துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். அந்த அறையின் சின்ன ஜன்னல் வழியே வண்டியின் சக்கரங்களும் உன் பழுப்புக் காலணியும் தெரிந்தன. நீ அங்குமிங்கும் நடப்பதைப் பார்த்தேன். ஒரு குரல் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும். கொடுக்கவில்லை. வண்டி போன பிறகும் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தேன்.

ஏன் என்று கேட்காதே. இல்லை, கேட்கலாம். ஆனால் எனக்கு என்ன என்று எனக்கே தெரியவில்லை. களைப்பாக இருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது. ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாகிவிட்டது, இரவுப்பணி இல்லை, நன்றாகத் தூங்குகிறேன். ஆனாலும் படியேறும்போது யாரோ முதுகில் ஏறி உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. போன குளிர்காலத்திலிருந்து கைகளில் அரிப்பு. தாடையைக் கடித்துக்கொண்டே தூங்குகிறேன் என்று பல் மருத்துவர் சொன்னார். இரத்தமெல்லாம் சோதித்துப் பார்த்தாயிற்று. எதுவும் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். தொலைபேசியில் கூப்பிடாதே. நீ கூப்பிட்டால் நான் "சரி, அடுத்த சனிக்கிழமை வர்றேன்" என்று சொல்லிவிடுவேன். உன் குரல் கேட்டதும் என் வாய் தானாகவே அதைச் சொல்லிவிடும். கடிதத்தில் சொல்வதற்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது.

மாய்லிஸ்


ஹூடிக்ஸ்வால்,
28 அக்டோபர் 2003

மாய்லிஸ்,

முப்பத்தெட்டு வருடம் நர்ஸாக இருந்தவள், "எனக்கு என்ன என்று தெரியவில்லை" என்கிறாய். வார்டில் யாராவது உன்னிடம் இப்படிச் சொன்னால் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாயா?

களைப்பாம். எனக்கும்தான் களைப்பு. இந்த வீட்டுக் கூரையின் இலைகளை நான் தனியாகத்தான் தள்ளினேன். இரண்டு பேர் இருக்க வேண்டிய வீட்டில் ஒருத்தி இருந்தால் எல்லாமே இரண்டு மடங்கு வேலை.

என் காலணியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாயா? அதை ஏன் எழுதினாய்? அதைப் படிக்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உன் பெட்டிகள் வடக்கு அறையில் இருக்கின்றன. நவம்பர் முடிவதற்குள் வந்து எடுத்துக்கொள். இல்லையென்றால் படகுக் கொட்டகையில் போட்டுவிடுவேன். அங்கே எலி உண்டு.

பா.


யாவ்லே,
16 நவம்பர் 2003

பார்ப்ரோ,

வார்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். கோபத்தில்தான் கேட்டாய், ஆனாலும் அது எனக்கு உதவியது.

பேச முடியாத நோயாளிகள் வருவார்கள். பக்கவாதம் வந்தவர்கள். அவர்களிடம் நான் எதையும் கேட்க மாட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்ப்பேன். எங்கே தொட்டால் புருவம் சுருங்குகிறது, எப்போது கை போர்வையைப் பிடிக்கிறது என்று கவனிப்பேன். இப்போது அதை எனக்கே செய்து பார்க்கிறேன். தினமும் காப்பி போடுவதற்கு முன் பத்து நிமிடம் சமையலறை மேசையில் உட்காருகிறேன். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யோசிப்பதில்லை. வயிறு எப்படி இருக்கிறது, தாடை எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறேன்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. குளிர்பதனப் பெட்டியின் இரைச்சலைத்தான் கேட்டேன். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் என்னை இடித்துக்கொண்டு முன்னால் போனாள். நான் வழக்கம்போல் சிரித்தேன். உடனே கன்னமெல்லாம் சூடாகி, எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். அந்தப் பெண் பயந்துபோய், "நீங்களே முன்னாடி போங்க, போங்க" என்றாள். நான் பேருந்தில் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பி, மறுபடி மேசையில் உட்கார்ந்தேன். அது களைப்பில்லை, பார்ப்ரோ. கோபம். இத்தனை வருடமாக நான் களைப்பு என்று சொல்லிவந்ததில் பாதிக்கு மேல் கோபம்தான்.

இனி எழுதப்போவதை எழுதக் கை வரவில்லை. மெதுவாக எழுதுகிறேன்.

ரூனே நோயில் படுத்திருந்த குளிர்காலம். என் ஆறு வார விடுப்பையும் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டில் வந்து தங்கினேன். அவரைக் குளிப்பாட்டினேன், திருப்பிப் படுக்கவைத்தேன், ஊசி போட்டேன். நீ காலையில் ஓட்டுநர் பள்ளிக்குக் கிளம்பிப் போய்ப் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டு மாலையில் வருவாய். உன்னால் அந்த அறையில் உட்கார முடியவில்லை என்பது எனக்குப் புரிந்தது. அதற்காகக் கோபம் இல்லை. அவரை எனக்கும் பிடிக்கும்.

விடுப்பு முடிந்து நான் யாவ்லே திரும்பிய நான்காம் நாள், லூலியோவில் என் தங்கை இரேன் செத்துப்போனாள். அன்று மாலை நீ கூப்பிட்டாய். நான் சொன்னேன். "ஐயோ, இரேனா? பாவம்டி" என்றாய். பிறகு, "ரூனேவுக்கு அந்த வெள்ளை மாத்திரை ரெண்டா மூணா?" என்று கேட்டாய். "ரெண்டு" என்றேன். "நீ நல்லாத்தானே இருக்க?" என்றாய். "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

அதற்குப் பிறகு இந்த நான்கு வருடத்தில் நீ ஒரு முறைகூட இரேன் பெயரைச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. என்மேலும் இருக்கிறது, ஏனென்றால் பொய் சொன்னது நான். நான் சொன்னதைத்தான் நீ நம்பினாய். வீடு பார்க்கப் போனபோது, "உனக்கு வடக்கு அறை போதும்ல, இருட்டெல்லாம் உனக்கு ஒரு பொருட்டில்லையே" என்றாய். "பொருட்டில்லை" என்றேன். எனக்கு இருட்டு அறை பிடிக்காது. ஒருபோதும் பிடித்ததில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டைக் காலி செய்கிறேன் என்று அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய படிவம் என் கைப்பையில்தான் இருக்கிறது. ஜூனில் நிரப்பியது. தினமும் அந்த அலுவலகத்தைக் கடந்து போனேன். ஒரு நாளும் உள்ளே போகவில்லை.

மாய்லிஸ்


ஹூடிக்ஸ்வால்,
13 டிசம்பர் 2003

மாய்லிஸ்,

உன் கடிதம் வந்ததும் நான்கு பக்கத்தில் ஒரு பதில் எழுதினேன். அதை அனுப்பாதது நல்லதாகிவிட்டது. அதில் "சொல்லாத விஷயத்தை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்" என்ற வாக்கியம் ஆறு முறை இருந்தது. எண்ணிப் பார்த்தேன்.

அந்தப் படிவ விஷயத்துக்கு உன்னை மன்னிக்க எனக்கு நாளாகும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நாம் இருவரும் சேர்ந்து சுவருக்கு வண்ணம் தேடினோம். நீ மஞ்சள் வேண்டும் என்றாய்! போகவே போகாத வீட்டுக்கு மஞ்சள்!

அந்தக் கோபத்தில் உன் பெட்டிகளைப் படகுக் கொட்டகைக்குத் தூக்கிப்போனேன். பன்னிரண்டையும். பனியில், கைவண்டியில் வைத்து. மறுநாள் காலையில் எலி கடித்துவிடுமோ என்ற நினைப்பு வந்து, பன்னிரண்டையும் திரும்பக் கொண்டுவந்தேன். கடைசிப் பெட்டியை வடக்கு அறையில் இறக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. அப்படியே தரையில் சாய்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. மூன்று மணி நேரம்.

உன் கடிதம் மேல்கோட்டுப் பையில்தான் இருந்தது. வேறு வேலை இல்லையே என்று எடுத்துப் படிக்கலாம் என்று பார்த்தேன். மதியம் இரண்டு மணி. உன் கையெழுத்து தெரியவில்லை, மாய்லிஸ். அந்த அறையில் மதியம் இரண்டு மணிக்கு ஒரு கடிதம் படிக்க முடியாது. அந்த அறையைத்தான் உனக்குக் கொடுத்திருந்தேன். கடல் தெரிகிற அறையை நான் எடுத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு தூரே பனி தள்ள வந்தவர் கதவு திறந்திருப்பதைப் பார்த்து உள்ளே வந்தார். "என்ன தேடுறீங்க தரையில?" என்றார். "என் புத்திய" என்றேன். "கெடைச்சுதா?" என்றார். அந்த மனிதர் கோடையிலிருந்து என்னிடம் பத்து வார்த்தைகூடப் பேசியதில்லை. தூக்கி உட்காரவைத்தார். அப்போது வலியில் உயிர் போனது.

நான் நன்றாக இருக்கிறேன். இல்லை, நன்றாக இல்லை. எழுதும்போது அடித்துவிட்டு எழுத முடிகிறது, கடிதத்தில் நேரம் கிடைக்கிறது என்று நீ சொன்னது சரிதான்.

தரையில் கிடந்தபோது என்ன செய்ய முடியும்? உன் பத்து நிமிடத்தை நான் மூன்று மணி நேரம் செய்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, எழுந்து ஓட முடியாததால் செய்தேன். ரூனே போனதிலிருந்து நான் ஓட்டம்தான். வீட்டை விற்றேன், வேறு வீடு வாங்கினேன், உன்னை நடுவில் வைத்துத் திட்டம் போட்டேன். "ரெண்டு பேருக்கும் வசதி" என்று எல்லாரிடமும் சொன்னேன். வசதி ஒரு பக்கம் கிடக்கட்டும். எனக்குப் பயம். சாயங்காலம் நான்கு மணிக்கு இருட்டிவிட்டால் பயம். எதிர் நாற்காலியில் ஆள் இல்லாமல் சாப்பிடப் பயம். "எனக்குப் பயமா இருக்கு, கூட வந்து இருக்கியா" என்று உன்னிடம் கேட்டிருக்கலாம். நீ மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? அதனால்தான் கேட்கவில்லை. உனக்கு ஏற்பாடு செய்துகொடுப்பதுபோல் செய்துவிட்டேன்.

இப்போது முக்கியமான விஷயம். அந்தத் தொலைபேசி அழைப்பு. உன் குரலில் இருந்தது என் காதில் விழுந்தது. "நல்லாத்தான் இருக்கேன்" என்று நீ சொன்னபோது, அது பொய் என்று எனக்குத் தெரியும். நீ என்னை நன்றாக ஏமாற்றிவிட்டதாக நினைக்கிறாய். நான் ஏமாறவில்லை. உன் துக்கத்தை வைக்க என்னிடம் அன்று இடம் இல்லை, அதனால் நீ சொன்னதையே பிடித்துக்கொண்டேன். அடுத்த நாள் கேட்டிருக்க வேண்டும். அதற்கடுத்த வாரம். அப்புறம் வெட்கமாகிவிட்டது. வெட்கத்தோடு நான்கு வருடம் ஓடிவிட்டது.

இன்று லூசியா திருநாள். பள்ளிப் பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் பாடிக்கொண்டு தெருவில் போகிறார்கள். இந்த நாளுக்குச் சுடும் குங்குமப்பூ பன்னைக் கடையில்தான் வாங்கினேன். நன்றாக இல்லை.

பார்ப்ரோ


யாவ்லே,
7 ஜனவரி 2004

அன்புள்ள பார்ப்ரோ,

உன் கடிதத்தைப் படித்தவுடன் "பரவாயில்லை, விடு" என்று எழுதினேன். கை தானாகவே எழுதியது. பிறகு மேசையில் உட்கார்ந்திருந்தேன். பரவாயில்லை என்று எனக்குள் எதுவும் சொல்லவில்லை. அதனால் அடித்துவிட்டேன். உனக்குத் தெரிந்திருந்தது என்று படித்த இடத்தில் நிறுத்தி மடித்துவிட்டேன். ஒரு வாரம் உன் கடிதத்தை ரொட்டிப் பெட்டிக்குக் கீழே வைத்திருந்தேன்.

ஆனாலும் நீ அதைச் சொன்னது நல்லது. எனக்கு என்னவோ ஆகிவிட்டது, இல்லாததைக் கற்பனை செய்துகொள்கிறேன் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். கற்பனை இல்லை என்று தெரிந்ததும் தாடை கொஞ்சம் தளர்ந்தது. கை அரிப்பு இன்னும் இருக்கிறது.

முதுகுக்கு மருத்துவரிடம் போனாயா? பார், ஆரம்பித்துவிட்டேன். தெரிந்துகொள்ள ஆசையாக இருப்பதால் கேட்கிறேன். ஓடி வருவதற்காகக் கேட்கவில்லை.

நான் அங்கே வந்து குடியிருக்க மாட்டேன், பார்ப்ரோ. கடல் தெரிகிற அறையைக் கொடுத்தாலும் மாட்டேன். இதை எழுதும்போது வருத்தமாக இருக்கிறது. வருத்தத்துக்கு அடியில் நிம்மதியாக இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்கலாம்போல. உன் பயத்தை நீ அன்றைக்கே சொல்லியிருந்தால் வந்திருப்பேனோ என்று கேட்டுப் பார்த்தேன். வந்திருப்பேன். வந்து, இரண்டு வருடத்தில் உன்னை வெறுத்திருப்பேன்.

உன்னை வெறுக்க எனக்கு விருப்பமில்லை. நாற்பத்தொரு வருடம் முன்பு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தபோது, எனக்குக் காய்ச்சல் என்று வீட்டுக்காரியிடம் சண்டை போட்டு அடுப்புக்கு விறகு வாங்கி வந்தவள் நீ. அவளை எனக்கு இன்னும் பிடிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடலாம். நான் எதற்காவது சரி என்று சொன்னால், மறுநாள் ஒரு முறை திரும்பக் கேள்.

மாய்லிஸ்


ஹூடிக்ஸ்வால்,
2 பிப்ரவரி 2004

மாய்லிஸ்,

கடிதம் கிடைத்தது. வருத்தமாக இருக்கிறது. கோபமாகவும் இருக்கிறது. முன்பெல்லாம் இரண்டாவதை மட்டும்தான் எழுதுவேன், அதனால் இந்த முறை இரண்டையும் எழுதுகிறேன்.

தூரே காப்பிக்கு வந்திருந்தபோது உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு அவர் முன்னால் அழுதேன். அவர் தொப்பியை எடுத்தார், போட்டார், எடுத்தார். கடைசியில், "நான் பனி தள்ளட்டுமா?" என்றார். அன்று பனியே பெய்யவில்லை. "உட்காருங்க, ஓடாதீங்க" என்றேன். உட்கார்ந்தார். அவருடைய மனைவி ஆறு வருடம் முன்பு இறந்துவிட்டாளாம். இந்தத் தெருவிலேயே யாருக்கும் சொல்லாமல் சாயங்காலம் நான்கு மணிக்குப் பயப்படுகிறவர்கள் எத்தனை பேரோ.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோது உன்னால் அதிகம் பேச முடியவில்லை. எனக்கும்தான். ஏழு நிமிடம். பரவாயில்லை என்று நினைக்கிறேன். யோசித்துத்தான் எழுதுகிறேன்.

முதுகு இப்போது வளைகிறது. பெட்டிகளைத் தூரேயின் இழுவை வண்டியில் ஏற்றி நானே கொண்டுவந்து தருகிறேன். மார்ச் 20, சனிக்கிழமை சரிப்படுமா? சரி என்று எழுதினால் மறுநாள் திரும்பக் கேட்பேன்.

பார்ப்ரோ


யாவ்லே,
23 மார்ச் 2004

அன்புள்ள பார்ப்ரோ,

நீ கிளம்பிப் போய் மூன்று நாளாகிறது. பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை. கூடத்தில் அவற்றைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன்.

வாசலில் உன்னைப் பார்த்ததும் பயந்தேன். இளைத்துவிட்டாய். கட்டிப்பிடிப்பதா வேண்டாமா என்று இருவருக்கும் தெரியவில்லை. நல்லவேளை, நடுவில் பெட்டி இருந்தது. மூன்று மாடி, பன்னிரண்டு பெட்டி. முதுகு சரியில்லாதவள் ஒருத்தி, மூச்சு வாங்குகிறவள் ஒருத்தி. எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்த்துவிட்டு உடனே சாத்திக்கொண்டாள்.

நீ போன பிறகுதான் யோசித்தேன். காப்பி ஊற்றி உட்கார்ந்ததும், நீ மேசையைப் பார்த்துக்கொண்டே, "இரேன் எப்படிடி செத்தா? நான் கேக்கவே இல்ல" என்றாய். கோப்பையைத் தள்ளி வைத்தேன். பிறகு பேசினேன். மூளையில் இரத்தக்குழாய் வெடித்ததை, அவள் கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்ததை, நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்ததை. அவள் பொல்லாதவள், சின்ன வயதில் என் பின்னலை நாற்காலியில் கட்டியவள் என்பதையெல்லாம்கூடச் சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்தபோது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நடுவில் இரண்டு முறை நீ எதையோ சொல்ல வாயைத் திறந்தாய், மூடிக்கொண்டாய். அது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அதன் பிறகு கோட்டை மாட்டிக்கொண்டே, "அடுத்த வாரமும் வரட்டுமா?" என்று கேட்டாய். என் வாயில் "வா" வந்துவிட்டது. வயிறு வேண்டாம் என்றது. "வேண்டாம் பார்ப்ரோ. அடுத்த மாசம்" என்றேன். உன் முகம் வாடியது. "வலிக்குதுடி" என்றாய். "தெரியும்" என்றேன். என் வாழ்க்கையில் ஒருவருக்கு வலி கொடுத்துவிட்டு அதைச் சரிசெய்ய ஓடாமல் நின்றது அதுதான் முதல் முறை. நீ பொத்தான்களைப் போட்டு முடித்துவிட்டு, "சரி, அடுத்த மாசம்" என்றாய். கதவை மெதுவாகத்தான் சாத்தினாய்.

நீ போனதும் படுத்து இரண்டு மணி நேரம் தூங்கினேன். இன்னும் களைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இது வேறு மாதிரிக் களைப்பு. பெட்டி தூக்கியதால் வந்தது.

ஏப்ரல் 17, சனிக்கிழமை, பதினோரு மணிக்கு வா. அன்றைக்கு உன்னைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் முன்னாடியே எழுதிவிடுகிறேன்.

மாய்லிஸ்